பெருக்கல் குறி

நகராட்சிப் பொறியாளர் நேலிதா பெந்தாங்கூர்
இடியப் போகும் கட்டடங்களுக்குச்
சிவப்புப் பெயின்ட்டில் பெருக்கல் குறி போடுகிறவள்.
மொந்தேவிதேயோவின் பழைய நகரத்தில்
அவள் தூரிகை நுழையாத தெரு குறைவு.
குறி விழுந்தால் பூட்டு. பூட்டு விழுந்தால் புறா.
புறா குடியேறினால் பிறகு வருடங்களை யாரும் எண்ணுவதில்லை.

துறைமுகத்துக்கு மூன்று தெரு இந்தப் பக்கம்
ஒரு வங்கி.
குளிர்காலத் திங்கட்கிழமை ஒன்றில் கதவைச் சாத்திக்கொண்டது.
வரிசையில் நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள்
இருட்டும்வரை,
சிலர் மறுநாளும்.
அதன்பின் ஆறு மாடியிலும்
வாடகை தராமல் ஆற்றுக்காற்று.

மார்ச்சில் போனாள்,
கக்கத்தில் வெந்நீர்ப் பிளாஸ்க், கையில் மாத்தேக் குடுவை.
மூன்றாம் தூணில் விரல் நுழையும் விரிசல்.
குறி போட்டாள். தேதி எழுதினாள். இறங்கினாள்.

ஏப்ரலில்
குறியைச் சுற்றிக் கட்டம்.
நான்கு கோடு, ஒன்பது வீடு,
மூலை வீட்டில் நீலச் சாக்பீஸ் வட்டம்.

அந்த ஊரில் இந்த ஆட்டத்துக்குத் தா-தே-தீ என்று பெயர்.
தா என்று கை நீட்டித் தீயில் முடிகிற சொல்லை
நம் காது சும்மா விடாது.
அவர்களுக்கோ அது வெறும் சத்தம்.

திரும்பிப் பார்த்தாள். ஒருவருமில்லை.
பின்ஜன்னலுக்குக் கீழே
ஏறுவதற்கு வாகாய் ஒரு பழைய டயர்.
'அத்துமீறிய நுழைவு' என்று எழுத வேண்டும்;
படிவத்தில் அதற்கென்றே ஒரு வரி இருக்கிறது.
தூரிகை காயவில்லை.
எதிர் மூலையில் இன்னொரு குறி போட்டாள்.

மே மாதம் வட்டம் அவளை மறித்தது.
ஜூனில் அவள் வட்டத்தை.
முதல் ஆட்டம் சமன்,
அடுத்த தூணில் புதுக்கட்டம்.
அவள் போகப் போக
டயர்கள் உத்தரத்திலிருந்து தொங்கத் தொடங்கின,
வரிசைக்கயிறு ஸ்கிப்பிங் கயிறானது,
காசாளர் கம்பிக்குப் பின்னால் யாரோ
பொத்தான்களைக் கடன் கொடுத்துக்கொண்டிருந்த தடயம்:
ஒரு சிட்டை,
'வட்டி: ஒரு குட்டிக்கரணம்.'

அறிக்கையில் எதையும் எழுதவில்லை.
பொய்யும் எழுதவில்லை.

இடித்துவிட்டுக் கார் நிறுத்தலாம் என்று சபை கூடிய அன்று
டயர்க்கடை வால்தெமார் எழுந்து
தொப்பியைத் திருகியபடி எதையோ சொல்ல வந்து
"பையன்கள்..." என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தான்.
நேலிதா சொன்னாள்: மூன்றாம் தூணுக்கு எஃகு உறை போட்டால் நிற்கும்.
எப்படித் தெரியும்?
பதினான்கு தடவை போயிருக்கிறேன்.
ஒரு விரிசலைப் பார்க்கப் பதினான்கு தடவையா?
பிளாஸ்க் மூடியை இறுக்கினாள், ஏற்கெனவே இறுகியிருந்ததை.

இரண்டு வருடம் ஆயிற்று. எஃகு வந்தது, தாமதமாக.
பெட்டகக் கதவு இனி மூடவே முடியாதபடி
தாழ்களை வெட்டினார்கள்;
உள்ளே ஒளிந்து பிடித்து.
மேல்தளத்திலிருந்து பணம் கட்டும் மேடைவரை
நெளிந்து இறங்கும் சறுக்குமரம்.

திறந்த நாளில் எவுஸ்தாக்கியோ வந்தார்,
அந்தத் திங்கட்கிழமை வரிசையில் இருநூற்றுப் பதினான்காவது ஆள்,
டோக்கனைத் தூக்கிப்போடாதவர்.
அதை வாயிலில் நீட்டினார்.
இங்கே டோக்கன் வேண்டாம் என்றாள் சறுக்குமரம் பார்க்கும் இருப்பே.
"எனக்கு வேண்டும்" என்றார்.
அவள் வாங்கி, பேனாவால் அடித்து,
"அடுத்து" என்றாள்.
கோட்டோடு, செருப்போடு,
எழுபத்தொரு வயதும் சறுக்கி வந்து
தரையில் மோதி,
கெட்டவார்த்தை ஒன்று சொன்னார்,
உரக்க, வங்கியைப் பார்த்து.
குழந்தைகள் கைதட்டினார்கள்.
அவர் சிரித்தாரா தெரியவில்லை; மறுபடி ஏறப் போனார்.

'கட்டடத்தின் பயன்பாடு' என்ற இடத்தில்
வீடு, கடை, கிடங்கு, அலுவலகம்.
நான்கையும் நேலிதா அடிக்கவில்லை.
பக்கத்தில் சின்னதாய் ஒரு வட்டம் போட்டாள்.

தூண்களுக்கெல்லாம் மஞ்சள் வண்ணம்.
மூன்றாவதில் மட்டும்
எஃகு உறைக்கு மேலே, ஓர் ஆள் உயரத்தில்
பழைய கட்டம் ஒன்றை விட்டுவைத்திருக்கிறார்கள்.
எட்டு வீடு நிரம்பி, ஒன்று காலி.
நீலம் போட்டது யாரென்று அவள் விசாரிக்கவேயில்லை.
சில வெள்ளிக்கிழமைகளில் வந்து
அதன்முன் நின்று மாத்தே உறிஞ்சுகிறாள்.
யார் முறை என்பது
மறந்துவிட்டது.